அழப் பயந்த எலுமிச்சைக்காரி

சண்முகசுந்தரியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லி விழுந்தால் பயம், போன் அடித்தால் பயம், மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடப் பயம். காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து அதன் நுனியால் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு வரப்பு வரைக்கும் ஓடிப்போய் நின்றுகொண்டுதான் தண்ணீர் வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பாள். ராயகிரியில் பிறந்தவள். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். உறவுமுறையில் நான் அவளுக்கு மதினி, அவள் வாயில் ‘மைனி’. என் பெயர் கோமதியம்மாள். மேலநீலிதநல்லூருக்குக் கிழக்கே, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் எங்களுடையது.

என் நிலத்துக்கும் அவள் நிலத்துக்கும் நடுவே ஒரே ஒரு வரப்புதான். இந்தப் பக்கம் என்னுடையது கரிசல், மானாவாரி. வானம் பார்த்துத்தான் எங்களுக்கு விதைப்பு. அந்தப் பக்கம் செம்மண் கலந்த பூமி, அதில் போர் போட்டு எலுமிச்சை வைத்திருந்தார்கள். அவளும் அவள் புருஷன் செல்லச்சாமியும் கல்யாணமான புதிதில் வைத்த கன்றுகள். செல்லச்சாமி சங்கரன்கோவிலில் லோடு ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். அதனால் தோட்டம் முழுக்க சுந்தரி கையில்தான். முள்ளுக்குள் கையை விட்டு விட்டு அவள் முழங்கை வரைக்கும் கோடு கோடாகக் கிடக்கும். பல்லிக்குப் பயப்படுகிறவள் அந்த முள்ளுக்குப் பயப்பட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

முள்ளைத் தவிர இன்னொரு இடத்திலும் அவள் பயம் காணாமல் போகும். சாவு வீட்டில். அவள் மாமியார் இறந்த அன்று, கூட்டத்தில் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று வாயைத் திறந்து ஒரு ஒப்பாரி வைத்தாள் பாருங்கள், பந்தலில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் எல்லாம் பீடியைக் கீழே போட்டார்கள். அந்தக் குரல் அவ்வளவு சின்ன உடம்புக்குள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும், ‘சுந்தரிக்குச் சொல்லியாச்சா?’ என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்த்து, ஊரில் மழைக்கஞ்சி எடுத்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் இது. பொம்பளைகள் வீடு வீடாகப் போய் அரிசியும் கம்பும் வாங்கி, உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி, ஊர்ப் பொதுவில் உட்கார்ந்து குடிப்போம். குடித்துவிட்டு, பாயைச் சுருட்டி, வெறும் பானையைத் தலையில் வைத்து, ‘பஞ்சம் பிழைக்கப் போறோம், ஊரை விட்டே போறோம்’ என்று அழுதுகொண்டே ஊர் எல்லை வரைக்கும் நடப்போம். எல்லையில் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மறித்து, ‘மழை வரும், திரும்பி வாங்க’ என்று கூட்டிவருவார். அந்த வருஷம் அழுகையை முன்னே எடுத்துக்கொடுத்தவள் சுந்தரி. நாங்கள் எல்லையிலிருந்து திரும்பி வீடு சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்றோடு ஊர் முடிவு கட்டிவிட்டது, சுந்தரி அழுதால் வானம் பொறுக்காது என்று. அவளும் அதை முழுசாக நம்பிவிட்டாள். பயந்தவர்களுக்கு நம்பிக்கை கொஞ்சம் சுருக்காகவே வரும்.

இந்தக் கதை நடந்தது அதற்கு வெகு காலம் கழித்து. தொடர்ந்து மழை இல்லை. போர்த் தண்ணீர் கீழே கீழே இறங்கிப் போய்விட்டது. இருக்கிற தண்ணீரை எல்லா மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைத்தாள் சுந்தரி. நியாயம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் மரத்துக்கு அந்த நியாயம் ஒத்துவரவில்லை. காய் நெல்லிக்காய் அளவிலேயே நின்றுவிட்டது. தோல் மட்டும் செருப்புத் தோல் மாதிரி தடித்தது. கடையநல்லூரிலிருந்து பழம் எடுக்க வருகிற சுலைமான் பாய் ஒரு காயை இரண்டாக வெட்டிப் பிழிந்து பார்த்தார். விரல் கூட நனையவில்லை. வெட்டிய பாதிகளை அப்படியே வரப்பில் வைத்துவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷக் காய்ப்பு ஊறுகாய் போடுகிறவர்களுக்குக்கூட ஆகவில்லை.

செல்லச்சாமி கெட்டவன் இல்லை. அலுத்துப்போனவன். சோலார் கம்பெனிக்காரர்கள் எங்கள் பக்கமெல்லாம் நிலம் கேட்டுத் திரிந்த சமயம் அது. மரத்தைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்றான். சுந்தரி அவன் காலைப் பிடிக்காத குறை.

“இன்னும் ஒரு காய்ப்பு பாத்துருவோம். ஒண்ணே ஒண்ணு. அதுவும் சரியில்லன்னா நானே வாய மூடிக்கிடுதேன்.”

“அடுத்த காய்ப்பும் இப்படிப் போச்சுன்னா, ஜேசிபிய நான் கூப்பிட்டுருவேன். அப்ப அங்கன வந்து அழப்பிடாது, சொல்லிட்டேன்” என்றான் அவன்.

அப்படித்தான் அந்த ஒரு காய்ப்பின் மேல் எல்லா மரத்தின் உயிரும் வந்து உட்கார்ந்தது. தன் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு சுந்தரிக்கு மிச்சமிருந்த பேச்சுத்துணை அந்த மரங்கள்தான். ஒவ்வொன்றோடும் பேசுவாள். நான் வரப்பில் நின்று கேட்டிருக்கிறேன். ‘பயப்படாதட்டி, நான் இருக்கேம்லா’ என்று மரத்துக்குச் சொல்லுவாள். யார் யாருக்குத் தைரியம் சொல்வது என்று நினைத்துச் சிரிப்பேன்.

இந்த முறை அவள் கணக்கை மாற்றினாள். பழம் பறித்து முடிந்ததும் தண்ணீர் விடாமல் மரங்களைக் காயப்போட்டாள். இலை சுருண்டது. பார்க்கிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் மிச்சம் பிடித்த தண்ணீரை எல்லாம் பூ எடுத்ததும் விட்டாள். பூவிலும் பிஞ்சிலும் மரம் தாகம் பொறுக்காது, மற்ற நேரம் பொறுத்துக்கொள்ளும் என்றாள். சொன்னபடியே பிஞ்சு நன்றாகப் பிடித்தது. காய் கோலிக்குண்டு அளவு வந்தது, அதற்கும் மேலே வந்தது. அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

நல்லது நடந்தால் கண்ணு பட்டுவிடுமே. காய் திரண்டு சாறு கட்டுகிற நேரம் பார்த்து மோட்டார் இருமத் தொடங்கியது. காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், பிறகு வெறும் காற்றுதான். காய்கள் வளர்ச்சியை நிறுத்திவிட்டு அப்படியே இறுகிப்போய் நின்றன. சுலைமான் பாயை வரச் சொன்னாள். அவர் கிளையை விலக்கி ஒரு காயைப் பறிக்காமலே விரலால் அமுக்கினார்.

“காய் மோசமில்ல, தாயி. போன வருசத்துக்கு இது எவ்வளவோ தேவல. ஆனா இறுகிக் கெடக்கு. ஒரேடியா தண்ணி குடிச்சுன்னா உள்ள சதை பெருத்துரும், தோலு கொடுக்காது. வெடிச்சிரும். தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி இளக்குங்க. தோலு இளகிட்டுன்னா பெறவு எவ்வளவு தண்ணி வந்தாலும் தாங்கும். இன்ஷா அல்லாஹ், நானே வந்து எடுத்துக்கிடுதேன்.”

“அதுக்குள்ள மழ வந்துட்டா, பாய்?” என்று கேட்டாள் சுந்தரி.

பாய் வானத்தைப் பார்த்தார். மேகம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. “இந்த வானத்தப் பாத்தா அப்படிக் கேக்கிய?” என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அவருக்குச் சிரிப்பு. இவளுக்கு அன்றிலிருந்து ஆரம்பித்தது புதுப் பயம். பாவி மட்டை, எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த காக்கா குருவி கூட மழைக்கு ஏங்குகிறது, இவள் மழைக்குப் பயப்படுகிறாள்! மோட்டார் இருமித் துப்புகிற தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, குடம் குடமாகச் சுமந்து ஒவ்வொரு மரத்துக்கும் ஊற்றினாள். தொட்டி மேல்பக்கத்தில் இருந்ததால் மேல வரிசைகளிலிருந்து ஆரம்பித்தாள். சோளத்தட்டையை வெட்டி, ஈரம் காயாதபடி அடியில் மூடாக்குப் போட்டாள். ஒரு குடம் ஊற்றுவாள், மேற்கே பார்ப்பாள். இன்னொரு குடம், மறுபடியும் மேற்கே. இடுப்பு ஒடிந்து போய் நடந்தாள். சோறு இறங்கவில்லை. தூரத்தில் ரோட்டில் லாரி உருண்டு போகிற சத்தம் கேட்டாலும், ‘மைனி, இடியா?’ என்று வரப்புக்கு ஓடிவருவாள்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஏன் வராது? நான் புழுதியில் உளுந்து விதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மழை விழுந்தால் முளை, விழாவிட்டால் எறும்புக்கும் மயிலுக்கும் தீனி. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கிடந்தோம். புரட்டாசி பாதி போய்விட்டது. கடைசியில் மழைக்கஞ்சி எடுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. ஊர்ப் பெரியவர் துரைப்பாண்டி அண்ணாச்சி என்னைப் பார்த்து, “கோமதி, சுந்தரிட்ட சொல்லிரு. அவதான் முன்ன நின்னு அழணும்” என்றார்.

நான் போய்ச் சொன்னபோது அவள் தொட்டிக் கரையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். குடம் கை நழுவி விழுந்தது. தண்ணீர் சிந்தியதைக்கூட அவள் பார்க்கவில்லை.

“மைனி, நான் வரல. எனக்குத் தொண்ட கட்டிட்டுன்னு சொல்லிருங்க.”

“இப்ப பேசுத தொண்ட யாரு தொண்ட?”

“மைனி, நான் அழுதா மழ வந்துரும்.”

“வரட்டும்ட்டி! வரத்தான கூப்பிடுதோம்!”

“மேல வரிசதான் இளகியிருக்கு. கீழ வரிச பூரா கல்லு மாதிரி நிக்கி. இன்னும் நான் கீழ போகவே இல்ல. மழ வந்துட்டுன்னா அம்புட்டும் வெடிச்சிரும். அவுக ஜேசிபிய கூட்டிட்டு வந்துருவாக, மைனி.”

“அப்ப என் உளுந்து? ஊருல உள்ளவன் விதைச்சது? உன் எலுமிச்சங்காய்க்காக எல்லாரும் மண்ணத் திங்கணுமா?” என்று நானும் விடாமல் கேட்டேன். கேட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். மண்ணுக்குள் கிடந்தது என் விதை.

அவள் விழுந்து கிடந்த குடத்தை எடுத்து நிமிர்த்தினாள். வரமாட்டேன் என்று ஊரைப் பார்த்துச் சொல்கிற தெம்பு அவளுக்குக் கிடையாது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். மழையை மறிக்கிறவள் என்று ஒருத்திக்குப் பேர் வந்துவிட்டால், பிறகு அவள் வீட்டில் தீ வாங்கக்கூட யாரும் வரமாட்டார்கள்.

அடுத்த நாள் அவள் செய்த கூத்தைக் கேளுங்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் குச்சி ஐஸாக வாங்கித் தின்றிருக்கிறாள். ஒன்று தின்று முடிப்பாள், இன்னொன்று வாங்குவாள். தொண்டை கெட்டுப்போக வேண்டுமாம். ஐஸ் விற்கிறவன், ‘யக்கா, பிள்ளைகளுக்குக் கொண்டு போகலியா, எல்லாம் நீங்களேவா?’ என்று கேட்டிருக்கிறான். என்னிடம் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. அந்தத் தொண்டைக்கு ஐஸ் என்ன செய்யும்! காலையில் எழுந்து பார்த்தால் குரல் வெண்கலம் மாதிரி கணீரென்று இருக்கிறது. கோமதியம்மன் சன்னதியிலும் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டு வந்திருந்தாள். ‘வாயால மட்டும் அழுவேன் தாயே, மனசால அழமாட்டேன். அதக் கணக்குல எடுத்துக்கிடாத.’

மழைக்கஞ்சி அன்று உச்சி வெயில். ஒரு இலை ஆடவில்லை. எல்லா வீட்டிலும் அரிசி வாங்கினோம். சுந்தரி வீட்டு வாசலில் நாங்கள் நின்றபோது அவள் முறத்தில் அள்ளி வந்தாள். போடும்போது கை நடுங்கிப் பாதி அரிசி கீழே கொட்டியது. பார்த்தவர்கள், ‘பக்தி’ என்றார்கள். கஞ்சி குடித்தோம். பாயைச் சுருட்டினோம். பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். சுந்தரி முன்னே போனாள், நான் அவள் பின்னே.

ஆரம்பத்தில் அவள் வேண்டிக்கொண்டபடியேதான் அழுதாள். சொல் வந்தது, ராகம் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பின்னால் வந்த பொம்பளைகளுக்கு அது பிடிக்கவில்லை. “என்னட்டி, வாய்ப்பாடு ஒப்பிக்கா?” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஊரைத் தாண்டினோம். எல்லைக்குப் போகிற பாதை அவள் தோட்டத்தை ஒட்டித்தான் போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கீழ வரிசை மரங்கள் இலை சுருண்டு, காயைச் சுமந்துகொண்டு நின்றன. அவள் ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தாள். அங்கேயே கால் நின்றுவிட்டது.

“நட்ட மரம் நிக்குதய்யா, நான் எங்க போயிருவேன்
விட்டுப் போக மனசில்லையே, வெறும்பானை தூக்கியாச்சே
வேரோட பிடுங்குவாக, வேடிக்கையாப் பாப்பாக
பாவி நான் என்ன செய்வேன், பச்ச மரம் சாகுதய்யா!”

அய்யோ, அந்த அழுகை. மாமியாருக்கு அழுததெல்லாம் இதன் கால் தூசிக்கு ஆகாது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வாய்விட்டுக் கதறிவிட்டார்கள். ஊர்ப் பயிருக்காக அழுகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவள் அழுதது அந்த மரங்களுக்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லையில் மறித்து நின்ற துரைப்பாண்டி அண்ணாச்சி, ‘மழ வரும், திரும்பி வாங்கம்மா’ என்று சொல்ல வேண்டியவர், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

திரும்பி வருகிற வழியிலேயே மேற்கே மலைப் பக்கம் கறுத்தது. முதலில் காற்று வந்தது. அப்புறம் மண்வாசனை. பொம்பளைகள் குலவை போட்டார்கள். சுந்தரியைப் பார்த்தேன். அவள் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. ‘மைனி’ என்றாள். தலையில் இருந்த பானையை ரோட்டோரம் வைத்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்து ஓடினாள்.

போடி, உனக்கு வேண்டியதுதான் என்று நான் என் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் போகவில்லையே! பின்னாலேயே ஓடினேன். அவள் கீழ வரிசையில் நின்று இரண்டு கையாலும் பறித்துச் சேலை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பறித்தேன். மழைக்கு அழுதவள் நான், அந்த மழை தலைக்கு மேலே வந்து நிற்கிறது, நான் முள்ளுக்குள் கையை விட்டு எலுமிச்சை பறித்துக்கொண்டிருக்கிறேன். என் தலையெழுத்தை என்ன சொல்ல! “நல்லாப் பயந்தட்டி நீ, என்னையும் பயங்காட்டிட்ட” என்று ஏசிக்கொண்டே பறித்தேன். இடி விழும்போதெல்லாம் அவள் மரத்தைக் கட்டிக்கொண்டாள். முள் கன்னத்தில் குத்தியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நாங்கள் சில மரங்களைத்தான் முடித்திருப்போம். வானம் உடைந்து கொட்டியது. எதிரே நிற்கிற ஆள் தெரியாத மழை.

மழை விட்ட பிறகும் அவள் தோட்டத்துக்குள் போகவில்லை. “மைனி, நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. எனக்குக் கால் வரல” என்றாள். முதல் நாள் போய்ப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, காயெல்லாம் கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் பயந்ததுதான் சரி. அதற்கு அடுத்த நாள் போனேன். கீழ வரிசையில் காய்க்குக் காய் மேலிருந்து கீழ் வரை பிளந்து, உள்ளே வெள்ளைச் சுளை தெரிய, ஈ மொய்த்துக்கொண்டு தொங்கின. தரையில் விழுந்து கிடந்தவற்றை மிதிக்காமல் நடக்க முடியவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே மேலே போனேன். மேல வரிசைகளில், அவள் குடத்தால் ஊற்றி இளக்கி வைத்திருந்த மரங்களில், காய் நின்றிருந்தது. ஒன்று பறித்து அமுக்கினேன். தோல் மெத்தென்று கொடுத்தது, கீறியதும் சாறு ஒழுகியது. அவள் சுமந்த இடம் வரைக்கும் பழம், சுமக்காத இடத்திலிருந்து வெடிப்பு.

இதை எப்படி அவளிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவள் வீட்டுக்குப் போனால், வீடு நிறையக் கூட்டம். ஊர்ப் பொம்பளைகள் தட்டில் வளையலும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். “உன் அழுகையாலதான் தாயி ஊர் பிழைச்சுது” என்று ஆளுக்கு ஆள் அவள் கையில் வளையலைப் போட்டுவிட்டார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து சிரிக்கப் பார்த்தாள். கண் மட்டும் என் முகத்தில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வளையல் போட்ட கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, “சந்தோசம், ரொம்பச் சந்தோசம்” என்று எல்லோருக்கும் சொன்னாள்.

செல்லச்சாமி வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. மேல வரிசைப் பழம் மட்டும் செலவுக்குக் காணாது என்று போனை எடுத்து ஜேசிபிக்காரனுக்குப் பேசினான். ஆனால் தோட்டத்துக்குப் போகிற பாதை கரிசலாயிற்றே. மழை குடித்த கரிசலில் மாட்டு வண்டியே அமிழும். “இப்ப இறக்கினா மெசின வெளிய எடுக்க இன்னொரு மெசின் வேணும்வே. காஞ்ச பெறவு சொல்லும்” என்றானாம் அவன். அப்படியாகப் பாதை காய்வதற்காகக் காத்திருந்தார்கள். சுந்தரி தினமும் போய்ப் பாதை மண்ணைக் காலால் அமுக்கிப் பார்த்தாள். கால் புதைந்தால் ஒரு பெருமூச்சு விடுவாள். நடுவில் இரண்டொரு தூறல் வேறு விழுந்தது. அந்த ஒரு சமயம்தான் அவள் மழையைக் கும்பிட்டு நான் பார்த்தது.

என் உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. நான் களை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் வரப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசனை அடித்தது. எட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடந்த மரம் மழையைக் கண்டதும் கிளைக்குக் கிளை மொட்டுக் கட்டி, ஒரேடியாகப் பூத்துவிட்டது. கீழ வரிசையில் இலை தெரியவில்லை, அவ்வளவு வெள்ளை. தேனீ சத்தம் மோட்டார் ஓடுகிற மாதிரி கேட்டது. செல்லச்சாமி அங்கே நின்றுகொண்டிருந்தான். சுந்தரி கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் போன் அடித்தது. போன் சத்தம் கேட்டதும் அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“ஆமா, பாதை காஞ்சிட்டு” என்றான் செல்லச்சாமி போனில். அப்புறம் கிளைகளை அண்ணாந்து பார்த்தான். “இப்ப வேண்டாம்வே. பூத்துக் கெடக்கு. பூத்த மரத்துல எப்படிக் கை வைக்கது? இந்தக் காய்ப்பு முடியட்டும்.”

சுந்தரி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். பிறகு மேற்கே வானத்தைப் பார்த்தாள். ‘இந்தக் காய்ப்பு’ என்று அவன் சொன்னது என் காதிலும்தான் விழுந்தது. மறுபடியும் அதே ஒரு காய்ப்பு, அதே பயம்.

அந்தப் பூ பிஞ்சாகி, பிஞ்சு திரண்டு, பங்குனி வெயிலில் காய் சாறு கட்டிக்கொண்டிருந்தபோது ராயகிரியிலிருந்து தகவல் வந்தது, சுந்தரியின் அம்மா தவறிவிட்டாள் என்று. இந்த முறை எல்லா வரிசைக்கும் குடம் போய்ச் சேர்ந்திருந்தது, ஆனாலும் பாதி மரம்தான் இளகியிருந்தது. செல்லச்சாமியின் லோடு ஆட்டோவிலேயே போனோம்.

அங்கே பந்தலுக்கு அடியில் பொம்பளைகள் எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். பெற்ற மகள், அதுவும் சுந்தரி, வந்து எடுத்துக்கொடுத்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று வழி விட்டு உட்கார்ந்தார்கள். அவள் அம்மா தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் நெற்றியைத் தடவினாள். நெஞ்சு விம்மி ஏறியதை நான் பார்த்தேன். வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் முந்தானையைப் பந்தாகச் சுருட்டித் திணித்துக்கொண்டாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கண் மட்டும் பந்தல் ஓரத்து வானத்துக்குப் போய்விட்டு வந்தது.

“பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா பாரு. ஊருக்கெல்லாம் அழுவாளாம்!” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டு என்ன சொல்லிப் புரியவைக்க? செத்தவளை ஊமையாக அனுப்பக் கூடாதே என்று நான் சுந்தரி பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒப்பாரியை எடுத்தேன். என் குரல் தகரத்தைத் தேய்க்கிற குரல். இருந்தாலும் ஒரு மனுசிக்கு இன்னொரு மனுசி அழாவிட்டால் எப்படி என்று உரக்கவே அழுதேன்.

சுந்தரி என் கையை எட்டிப் பிடித்தாள். வாயிலிருந்த முந்தானையைக் கொஞ்சம் எடுத்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்.

“மைனி, கொஞ்சம் மெதுவா அழுங்க.”